கைத்தையல்

கைத்தையல் என்பது இயந்திரத்தின் துணையின்றி, ஊசியும் நூலும் கொண்டு துணியோடு துணியை இணைக்கும் தொழிலாகும். முள் காலில் தைப்பதற்கும், கடுஞ்சொல் மனத்தில் தைப்பதற்கும், கிழிந்த ஆடையைத் தைப்பதற்கும் 'தை' என்னும் ஒரே வினையைத் தமிழ் வழங்குகிறது. குத்தும் கூர்மையே கூட்டவும் வல்லது என்னும் உண்மையை அச்சொல் தன்னுள் அடக்கியுள்ளது. துன்பக் காலங்களில் இத்தொழில் மாந்தருக்கு, சிறப்பாகப் பெண்டிருக்கு, அளித்துவந்த சாந்தியின் வரலாறு அவ்வுண்மையின் விரிவேயாகும்.

தொன்மை: மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைச் சுட்டிக்காட்டி, அவ்வடிவிலேயே துண்டுத் துணிகளை இணைத்துப் பிக்ஷுக்களின் ஆடையாகிய சீவரத்தை அமைக்குமாறு புத்தர் தம் சீடர் ஆனந்தரிடம் கூறினார் எனப் பௌத்த நூலாகிய விநய பிடகம் உரைக்கிறது. பிறர் எறிந்த கந்தையே பற்றற்றோரின் புனித ஆடையாயிற்று.

வங்கத்துக் காந்தா: 'கந்தை' என்னும் சொல்லோடு உறவுடைய 'காந்தா', பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக்கரையிலிருந்து உருவிய நூலால் ஓட்டுத் தையலிட்டு வங்கப் பெண்கள் ஆக்கும் போர்வையாகும். கணவனைப் பிரிந்த இளம்பெண்ணொருத்தி தன் வாழ்வின் இன்ப துன்பங்களையெல்லாம் காந்தாவில் தைத்து, அதனைத் தன் சமாதியின்மேல் விரிக்க வேண்டி மடிவதை, கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைக்காவியம் கூறுகிறது.

தென்னாட்டு மரபுகள்: ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான வட கன்னட மாவட்டத்துச் சித்தியர், கிழிந்த துணிகளால் 'கவந்தி' என்னும் போர்வை தைத்து, மூலைகளில் பூவெனும் பெயருடைய முக்கோண மடிப்புகளை வைத்து முடிப்பர். நீலகிரித் தோடர் மகளிர் வரைபடமின்றி இழைகளை எண்ணியே பூவேலை செய்யும் 'பூத்துக்குளி' என்னும் போர்வை, இறந்தோரைப் போர்த்தவும் பயன்படுவது. அப்பூவேலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.

பேரிடர்க் காலம்: 1973இல் சிலி நாட்டில் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின், காணாமற்போன கணவரையும் மக்களையும் தேடியலைந்த மகளிர், சாக்குத்துணிமேல் கந்தல்களைத் தைத்துத் தம் கதையை உலகுக்கு அறிவித்தனர். தமிழகத்தில், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையோரச் சிற்றூர்களைச் சூறையாடியபின், ஆரோவில்லைச் சார்ந்த உமா பிரஜாபதியின் உபாசனா ஆடை வடிவமைப்பு நிலையம், மீனவப் பெண்களுக்கு எஞ்சிய துணித்துண்டுகளைக் கொடுத்து 'சுனாமிகா' என்னும் சிறு பொம்மைகளைச் செய்யக் கற்பித்தது. விலைக்கு விற்கப்படாது, அன்பளிப்பாகவே வழங்கப்பட்ட அப்பொம்மைகள் நன்கொடையால் பிழைப்பையும், கூடியமர்ந்து வேலை செய்வதால் ஆறுதலையும் அளித்தன. கண் ஒரு விரற்கடையளவில் ஒடுங்க, கை ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்ய, மனம் மெல்ல அதன் பின்னே நடந்து அமைதியுறுகிறது; குனிந்த தலையோடு இருப்பவர்க்கு, நேர்நின்று சொல்லவியலாத துயரமும் பேச்சாக வெளிவருகிறது.

ஏலமலை அடிவாரம்: போடிநாயக்கனூரிலும், அதன் மேலே போடிமெட்டைக் கடந்து விரியும் ஏலமலைச் சரிவுகளிலும், மகளிரின் விரல்கள் ஏலக்காயைப் பறித்தும் தரம் பிரித்தும் பழகியவை; தையலும் அவ்விரல்களுக்குப் புதிதன்று. பழஞ்சேலையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாக்கும் தமிழ் இல்லங்களின் வழக்கம் இவர்களுக்கும் உரியதே. நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் இடம்பெறாத அவ்விரிப்பே இவ்வரலாற்றின் மிக எளிய வடிவம்: உழைத்துத் தேய்ந்த ஒருத்தியின் சேலை, நாலு வரிசைத் தையலால், இப்போதுதான் பிறந்த உயிருக்கு மெத்தென்ற படுக்கையாகிறது.