கொட்டாவியும் பாத்தியதையும்: ஓர் ஆங்கிலச் சொல்லிணை

விசாரணையின் நடுவே கொட்டாவி விடும் நீதிபதி ‘அன்இன்ட்ரஸ்டட்’. வழக்கு எப்படி முடிந்தாலும் தமக்கு ஒரு காசு வரவும் போகவும் இல்லை என்ற நிலையில் இருப்பவர் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’. ஆங்கில ஆசிரியர்கள் இவ்வாறு பிரித்துக் காட்டிவிட்டு, பின்னதை முன்னதன் பொருளில் ஆள்வது அண்மைக்காலச் சீர்கேடு என்றும் சேர்த்துச் சொல்வதுண்டு. வேறுபாடு உண்மைதான். சீர்கேடு என்பதற்குத்தான் சான்றில்லை.

17ஆம் நூற்றாண்டில் ‘அன்இன்ட்ரஸ்டட்’ நடுநிலையையே குறித்தது. ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ அக்கறையின்மையைக் குறித்ததற்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் பழைய சான்று, 1631இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் உரைநடை. அடுத்த நூற்றாண்டில் இரு சொற்களும் இடம் மாறின. ஆதிப் பொருளைக் காக்க வேண்டும் என்று வழக்காடுவோருக்கு அவர்கள் அழைத்த சாட்சியே பிறழ்சாட்சி.

வேறுபாட்டை முன்னொட்டுகளில் தேடுவதும் வீண். இரண்டும் மறுப்புக் குறிகளே. பிளவு ‘இன்ட்ரஸ்ட்’ என்ற அடிச்சொல்லில் நேர்ந்தது. இலத்தீனில் ‘இடையில் இருத்தல்’ எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்த இச்சொல், ஆங்கிலத்தில் முதலில் பாத்தியதையைக் குறித்த சட்டச்சொல். கடனுக்கான வட்டியும் அந்தக் குடும்பத்தில் வந்ததுதான். மன ஈடுபாடு என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. பாத்தியதை வேறு, ஈடுபாடு வேறு என்றானபின் அவற்றை மறுக்கவும் தனித்தனிச் சொற்கள் வேண்டியிருந்தன. கையில் இருந்த இரண்டையும் மொழி பாகம் பிரித்துக் கொடுத்தது என்பதே என் முடிபு.

பாத்தியதையும் ஈடுபாடும் ஒருவரிடம் எதிரெதிராக நிற்கவும் கூடும். அழகை நுகரும் இன்பம் ஆதாயம் கருதாதது என்று 1790இல் ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் வாதிட்டார். ஓவியத்தின் முன் மெய்மறந்து நிற்பவரிடம் ஈடுபாடு முழுமையாக உண்டு. பாத்தியதை துளியும் இல்லை. 1864இல் ஆங்கில விமர்சகர் மாத்யூ ஆர்னால்டு திறனாய்வாளரிடம் வேண்டியதும் இதைத்தான். சலிப்பையா அவர் வேண்டியிருப்பார்?

தமிழில் பெயர்ப்போர் இங்குதான் இடறுகிறார்கள். ‘ஆர்வமற்ற’ என்றால் நீதிபதி கொட்டாவி விடுகிறார். ‘பற்றற்ற’ என்றால் காவி உடுத்திவிடுகிறார். ‘நடுநிலையான’ என்பது பரவாயில்லை, ஆனால் அது தீர்ப்பின் தன்மையைச் சொல்கிறதே தவிர, தீர்ப்பவருக்கு ஆதாயம் இல்லாததைச் சொல்லவில்லை. ‘பாத்தியதை இல்லாத’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பத்திரம் எழுதுவோரின் வாடை சற்று அடிக்கலாம். ஆங்கிலச் சொல்லும் அந்தத் திண்ணையிலிருந்து எழுந்து வந்ததுதானே.

இந்திய நீதிமன்றங்களில் அந்தப் பழம்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. கொலையுண்டவரின் மனைவி கண்ணால் கண்டு சொன்ன சாட்சியத்தை, அவர் ‘இன்ட்ரஸ்டட்’ சாட்சி என்று கூறி ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 1981இல் ராஜஸ்தான் அரசு எதிர் கல்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது: உறவினர் என்பது வேறு, வழக்கின் முடிவால் பயன் பெறுபவர் என்பது வேறு. அந்தப் பெண்ணை ‘ஆர்வமுள்ள சாட்சி’ என்று தமிழில் எழுதினால், இரண்டு நீதிமன்றங்களும் எதைப் பற்றி மாறுபட்டன என்பதே வாசகருக்குப் புரியாது.