ஷெர்லி சிஷோம்

ஷெர்லி அனிட்டா சிஷோம் (30 நவம்பர் 1924 – 1 ஜனவரி 2005) அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். 1972இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்கு, மாநிலங்களில் நடக்கும் முதனிலைத் தேர்தல்களில் போட்டியிட்டார். பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள ஆளில்லாத தாய்மார், குறைந்தபட்சக் கூலிக்கும் உரிமையற்ற வீட்டுவேலைக்காரர்கள் ஆகியோரின் பாடு அவர் அரசியலின் நடுப்பொருளாக இருந்தது. அதற்கான காரணம் அவர் வளர்ந்த வீட்டிலேயே இருக்கிறது.

நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். தந்தை சார்லஸ் செயின்ட் ஹில் பிரிட்டிஷ் கயானாவைச் சேர்ந்தவர். சாக்குப்பை ஆலையில் வேலை செய்தார். பார்படோசிலிருந்து வந்த தாய் ரூபி, தையல் வேலையும் பிறர் வீடுகளில் வேலையும் செய்தார். இருவரின் சம்பாத்தியத்திலும் குழந்தைகளை அருகில் வைத்து வளர்க்க முடியவில்லை. அதனால் ஷெர்லியும் தங்கைகளும் பார்படோசில் இருந்த தாய்வழிப் பாட்டியிடம் அனுப்பப்பட்டார்கள். அந்த ஊர்ப் பள்ளியில் கிடைத்த கண்டிப்பான கல்வியே தன் பேச்சுக்கும் எழுத்துக்கும் அடித்தளம் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1934இல் புரூக்ளின் திரும்பினார்.

1946இல் புரூக்ளின் கல்லூரியில் சமூகவியல் பட்டம் பெற்றார். குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியையாகச் சேர்ந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடக்கக் கல்வியில் முதுகலை முடித்து, காப்பகங்களின் பொறுப்பாளராக உயர்ந்தார். வேலைக்குப் போகும் தாய்மாரின் அன்றாடச் சிக்கல்களை அவர் கற்றுக்கொண்டது அங்கேதான்.

1964இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். வீட்டுவேலை செய்வோருக்கு வேலையிழப்பு உதவித்தொகை கிடைக்கச் செய்த சட்டமும், வசதியற்ற மாணவர்களுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்த 'சீக்' திட்டமும் அக்காலத்தில் அவர் பாடுபட்டுக் கொண்டுவந்தவை. 1968இல் புதிதாக வரையப்பட்ட 12ஆம் தொகுதியில் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டார். எதிர்த்து நின்ற ஜேம்ஸ் ஃபார்மர், குடிசார் உரிமை இயக்கத்தின் நாடறிந்த தலைவர். வாஷிங்டனில் ஓர் ஆணின் குரல் ஒலிக்க வேண்டும் என்ற தொனியில் ஃபார்மர் தரப்பு பிரசாரம் செய்தது. அந்தத் தொகுதியில் பதிவு செய்த வாக்காளர்களில் பெண்களே அதிகம் என்பது சிஷோமுக்குத் தெரியும். அவர்களைத் தெருத்தெருவாகத் தேடிச் சென்று வென்றார். 'விலைபோகாதவர், எவருக்கும் அடங்காதவர்' என்பது அவரது முழக்கம்.

புதிய உறுப்பினரான அவரை வேளாண் குழுவில் போட்டார்கள். நகரத் தொகுதிக்காரரை அங்கே அமர்த்துவதில் பொருளில்லை என்று அவர் வெளிப்படையாக எதிர்த்து, முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாறினார். தன் தொகுதியில் மரங்களைவிட முன்னாள் படைவீரர்களே அதிகம் என்றார். புதியவர்கள் வாய்திறக்கக் கூடாது என்ற சபை மரபை ஒரு கறுப்பினப் பெண் மீறியது பெருந்துணிச்சல். 1971இல் கறுப்பின உறுப்பினர்களின் நாடாளுமன்றக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவனர்களில் ஒருவரானார்.

1972 ஜனவரி 25 அன்று புரூக்ளினின் கான்கார்ட் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அதிபர் போட்டியை அறிவித்தார். வியட்நாம் போரை உடனே நிறுத்துதல், படைச் செலவைக் குறைத்து அப்பணத்தைக் கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் திருப்புதல், பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசமைப்புத் திருத்தம், கருக்கலைப்பு உரிமை, அரசு செலவில் குழந்தைப் பராமரிப்பு ஆகியவை அவர் வைத்த கோரிக்கைகள். போருக்கு எதிரான நிலை புதிதல்ல. 1969இல் சபையில் ஆற்றிய முதல் உரையே அதைப் பற்றியதுதான்.

கையில் பணம் இல்லை. மொத்தச் செலவே சுமார் 3 லட்சம் டாலர். அதைவிடக் கசப்பானது சொந்த அணியினரின் தயக்கம். கறுப்பின ஆண் தலைவர்கள் பலர், தங்களைக் கலக்காமல் ஒரு பெண் முந்திக்கொண்டாள் என்று விலகி நின்றார்கள். மார்ச்சில் இண்டியானாவின் கேரி நகரில் கூடிய கறுப்பின அரசியல் மாநாடு அவரை ஆதரித்துத் தீர்மானம் போடவில்லை. பெண்ணுரிமை இயக்கத்திலும் பலர் வெல்லும் குதிரையான ஜார்ஜ் மெக்கவர்னின் பக்கம் சாய்ந்தார்கள். இந்த இரு அணிகளும் அவரைக் கைவிட்டன என்று சொல்வதே நேர்மை. தொலைக்காட்சி விவாதங்களில் இடம் மறுக்கப்பட்டபோது அவர் சட்டப்படி வழக்காடித் தனக்கான நேரத்தைப் பெற்றார்.

இனப்பிரிவினையின் முகமாக விளங்கிய அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸும் அதே போட்டியில் இருந்தார். மே 15 அன்று மேரிலாந்தில் அவர் சுடப்பட்டபோது, சிஷோம் மருத்துவமனைக்குச் சென்று பார்த்தார். சொந்த ஆதரவாளர்களே கொதித்தார்கள். 1974இல் வீட்டுவேலை செய்வோருக்கும் குறைந்தபட்சக் கூலியை விரிவாக்கும் சட்டம் வந்தபோது, தென்மாநில உறுப்பினர்களின் வாக்குகளைத் திரட்ட வாலஸ் உதவினார் என்று சிஷோம் பின்னர் கூறினார்.

1972 ஜூலையில் மயாமி பீச்சில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் மெக்கவர்ன் வேட்பாளரானார். சிஷோமுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 152 பேராளர் வாக்குகள். அவற்றில் பல, மற்றொரு போட்டியாளரான ஹியூபர்ட் ஹம்ஃப்ரி தன் கறுப்பினப் பேராளர்களை விடுவித்ததால் வந்தவை.

1983 ஜனவரியில் நாடாளுமன்றத்தை விட்டு விலகி, மாசசூசெட்ஸின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் கற்பித்தார். 1993இல் ஜமைக்காவுக்குத் தூதராக அதிபர் கிளின்டன் முன்மொழிந்தபோது, உடல்நலக் குறைவால் ஏற்கவில்லை. ஃபுளோரிடாவில் காலமானார். 2015இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. தமிழ்த் தாய்க்குப் பிறந்த கமலா ஹாரிஸ் 2019இல் அதிபர் போட்டியை அறிவித்தபோது, தன் பிரசாரச் சின்னத்தின் சிவப்பு, மஞ்சள் நிறங்களைச் சிஷோமின் நினைவாகவே தேர்ந்தார்.

சிஷோம் உயிராகக் கருதிய குழந்தைப் பராமரிப்புத் திட்டத்துக்கு மட்டும் விடிவு வரவில்லை. 1971இல் அவரும் சக உறுப்பினர் பெல்லா அப்சுக்கும் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார்கள். அதைவிடச் சிறிய அளவிலான வேறொரு மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது; அதையும் அவ்வாண்டு டிசம்பரில் அதிபர் நிக்சன் தன் மறுப்பதிகாரத்தால் தடுத்தார். நாடு தழுவிய அத்தகைய சட்டம் அமெரிக்காவில் இன்றுவரை இயற்றப்படவில்லை.