பண்ணைப்புரத்துப் பழந்துப்பாக்கி

கம்பம் பள்ளத்தாக்கிலே பண்ணைப்புரத்தில் வாழும் நம்மவர் ஒருவர், தம் முன்னோர் கட்டபொம்மன் படையில் ஏந்தியதென்று வழிவழியாகப் போற்றிவரும் துப்பாக்கியொன்றை ஆராய்ந்தெழுதுமாறு வேண்டினர். உரிமச் சீட்டுடன் காக்கப்பட்டுவரும் அதனை நேரிற் கண்டோம். கண்டதை மறைத்தல் வரலாற்றுக்கு அடாது. ஆதலின் அன்பர் எம்மைப் பொறுத்தருள்க.

கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள். அக்காலத்துத் துப்பாக்கிகள் திரியினாலேனும் சக்கிமுக்கிக் கல்லினாலேனும் தீப்பற்றுவன. இதுவோ குதிரை கேப்பின்மேல் விழுந்து வெடிக்கும் இனத்தது. ஆங்கிலப் படைக்கு அவ்வமைப்பு வந்தது 1840-ஐ ஒட்டியே. பூட்டுத் தகட்டிலும் கிரீடமும் விக்டோரியா அரசியின் எழுத்துக்களும் 1860 என்னும் ஆண்டும் தேய்ந்தும் தெளிவாயுள்ளன. இதற்குமேல் வாதம் வேண்டா.

வடிவத்தால் இது 1853-ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்டு. 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாவினாற் கலகம் மூளக் காரணமான அதே துப்பாக்கி. என்பீல்டின் குழலுள் மூன்று வரிப்பள்ளங்கள் திருகிச் செல்லும். அவற்றாற் சுழலும் குண்டு நெடுந்தூரம் குறி தவறாது. இதன் குழலுள் விளக்கொளி செலுத்தினால் வரியின் சுவடே இல்லை. தேய்ந்திருக்கலாமே எனின், தேய்வு துவாரத்தை இவ்வளவு அகற்றாது. என்பீல்டின் துவாரம் அங்குலத்தில் ஆயிரத்தில் 577 பங்கு. இஃது ஏறக்குறைய 650. ஊர்க்கொல்லன் கடைந்தானோ எனின், 900 கெஜம்வரை ஏற்றியிறக்கும் ஏணிக்குறி இருக்கவேண்டிய இடத்தில், அசையாத சிறு இரும்புக்கட்டை ஒன்றே நேர்த்தியாகப் பொருந்தியுள்ளது. கொல்லனுக்கு அவ்வேலை எதற்கு? குழலையும் குறியையும் ஒருங்கே குறைத்தது சர்க்காரே.

கலகம் அடங்கியபின், சுதேசிச் சிப்பாயின் கையில் வெள்ளைச் சிப்பாயினதற்கு நிகரான ஆயுதம் இருத்தலாகாதென்று ஆட்சியாளர் கருதினர். 1858-இல், வரியிட்ட என்பீல்டுக் குழல்களையே கடைந்து வரிகளை அழித்தனர். சுவர் மெலிந்து குழல்கள் எளிதிற் பழுதுபட்டமையால், 1859-ஆம் ஆண்டு மாதிரியிற் சுவரைத் தடிப்பாக்கினர். பண்ணைப்புரத்தது இப்பின்வகையாதல் வேண்டும். இதில் உருண்டைக் குண்டிட்டால் 100 கெஜத்துக்கப்பால் நம்புவதற்கில்லை. தன்னைக் காக்க ஒருவனை நிறுத்தி, அவன் கையாயுதத்தையும் தானே மழுக்கிக் கொடுத்த அரசை என்னென்பது! இருபதாம் நூற்றாண்டிலும் ஈசாப்பூர்த் தொழிற்சாலையில் 303 ரைபிளின் வரிகளைக் கடைந்தெடுத்து, தோட்டாப் பெட்டியில் மரக்கட்டை அடைத்து, ஒற்றைவெடித் துப்பாக்கியாக்கிப் போலீசாருக்கு வழங்கியதுண்டு.

மற்றொரு மாற்றமும் இதில் உண்டு. 39 அங்குலம் இருக்கவேண்டிய குழல் 28 அங்குலமே உள்ளது. நுனி வாளால் அறுக்கப்பட்டு, அரத்தின் கீறல்களோடு கோணலாயிருக்கிறது. சனியன் என்று சிப்பாய்கள் வழங்கிய முனையீட்டியைப் பொருத்தும் இடம் போயிற்று. முன்குறியாகப் பித்தளைக் குமிழ் ஒன்று பற்றவைக்கப்பட்டுள்ளது. இது சர்க்கார் வேலையன்று. மலையடிவாரத்துப் புதர்களினூடே தூக்கிச் செல்லவும், பரண்மேல் இருந்து திருப்பவும் நெடுங்குழல் இடையூறு. காட்டுப்பன்றிக்குச் சிறு ரவைகளைக் கெட்டித்துச் சுடுவதற்கோ வரியில்லாக் குழலே ஏற்றது. வரியிட்ட குழல் ரவைகளைத் தாறுமாறாகச் சிதறடிக்கும். ஆகவே சிப்பாய்க்குக் குறையென்று செய்யப்பட்டது குடியானவனுக்கு வாய்ப்பாயிற்று. வயற்காவலுக்கென்றே குறுக்கினர் என்பது எம் ஊகம்.

இவற்றையெல்லாம் சொல்லியபோது வீட்டுப் பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின், தம் பாட்டனார் சோளக்கொல்லைப் பரணில் அதனை மடிமேல் வைத்து இராமுழுதும் விழித்திருந்ததைத் தம் தகப்பனார் சொல்லக் கேட்டதுண்டென்றும், அதுவும் பொய்யோ என்றும் வினவினர்.

அது மெய் என்றோம்.