கருவி சீராக இயங்கினால் போதுமா?

என்னுடன் கல்லூரியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவருக்கு 'பேஸ்மேக்கர்' எனப்படும் இதயத் துடிப்பு சீராக்கி பொருத்தப்பட்டது. அடிக்கடி மயங்கி விழுவது அத்துடன் நின்றது. ஆனால், ஆறாவது மாதத்தில் உடலெங்கும் அரிப்பு தொடங்கியது. உறக்கம் போயிற்று. காரணமின்றி நெஞ்சு படபடத்தது, கைவிரல்கள் நடுங்கின. இதய மருத்துவர் கருவியைச் சோதித்து, 'சீராக இயங்குகிறது' என்றார். தோல் மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். வீட்டார், 'எல்லாம் மனப்பிரமை' என்றனர். உள்ளிருக்கும் உலோகமே தம்மை அரிக்கிறது என்று நம்பிய நண்பர், கருவியை எடுத்துவிடுமாறு மன்றாடத் தொடங்கினார்.

இதயத் துடிப்பு சீராக்கியின் வரலாறு வியப்புக்குரியது. 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் உருவாக்கிய கருவியை அறுவை மருத்துவர் ஓகே சென்னிங், ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் பொருத்தினார். அது சில மணி நேரமே இயங்கியது. அடுத்தடுத்து 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்ட லார்சன், தம்மைக் காத்த அந்த இருவரின் காலத்துக்குப் பின்னும் வாழ்ந்து, 2001-இல் 86-ஆவது வயதில் மறைந்தார். உயிர் காக்கும் கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால், அதைச் சுமப்பவருக்குத் தோலும் உண்டு, மனமும் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இன்றைய கருவியின் வெளிக்கூடு டைட்டானியத்தால் ஆனது. மின்கம்பிகள் இணையும் பகுதி எப்பாக்சி பிசினாலும், கம்பிகளின் மேலுறை சிலிக்கோன் அல்லது பாலியூரித்தேனாலும் செய்யப்படுகின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்று சிலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தலாம். ஆனால், அது மிக மிக அரிது. ஐயம் எழுந்தால், அப்பொருள்களைச் சிறிதளவு முதுகுத் தோலில் ஒட்டிவைத்துச் சோதிக்கும் முறை உள்ளது. ஒவ்வாமை உறுதியானால், தங்க முலாம் பூசிய கருவியைப் பொருத்துவது போன்ற மாற்று வழிகளும் உண்டு.

ஒவ்வாமை என்று முடிவு கட்டுவதற்கு முன், நோய்த்தொற்று இல்லை என்பதை உறுதி செய்தாக வேண்டும். கருவி வைத்த இடம் சிவத்தல், சூடாதல், வீங்குதல், வலித்தல், நீர் அல்லது சீழ் கசிதல், தோல் மெலிந்து கருவி வெளியே தெரிதல், காய்ச்சல் ஆகியவை அபாய அறிகுறிகள். இவை அறுவைக்குப் பல மாதங்கள் கழித்தும் தோன்றக்கூடும். இந்நிலையில் களிம்பு தடவிக் காத்திருப்பதோ, வீக்கத்தில் ஊசி குத்தி நீர் எடுப்பதோ தவறு. கருவியில் தொற்று ஏற்பட்டுவிட்டால் மருந்து மட்டும் போதாது. பெரும்பாலும் கருவியையும் கம்பிகளையும் முழுமையாக அகற்ற வேண்டியிருக்கும்.

அறுவையை அடுத்த சில நாள்களில் தோன்றும் அரிப்புக்குக் கிருமிநாசினியோ ஒட்டுப்பட்டையோ காரணமாக இருக்கலாம். பட்டை ஒட்டிய இடத்தின் வடிவிலேயே தடிப்பு தோன்றுவது அதற்கான அடையாளம். சிலருக்குக் கருவியின் மேல்தோலில் நுண்குழாய்கள் விரிந்து செம்மை படரும்; தொற்று இல்லை என உறுதியான பின் அதற்கு அஞ்சத் தேவையில்லை.

பதற்றத்துக்கும் உடல் சார்ந்த காரணங்கள் உண்டு. இதயத்தின் கீழறையை மட்டும் தூண்டும் கருவி சிலருக்கு மேலறையுடனான ஒத்திசைவைக் குலைக்கும். அப்போது கழுத்தில் துடிப்பும், மூச்சுத் திணறலும், இனம் புரியாத கலக்கமும் தோன்றும். உடல் அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டும் கருவிகள், குண்டும் குழியுமான சாலையில் பேருந்து குலுங்கும்போதுகூடத் துடிப்பை விரைவாக்கலாம். மின்தூண்டல் உதரவிதானத்தை எட்டினால் விக்கல் வரும். இவற்றில் பலவற்றை, மீண்டும் அறுவை செய்யாமல் கருவியின் அமைப்பை மாற்றியே சரி செய்ய முடியும். 'கருவி இயங்குகிறதா?' என்பது ஒரு கேள்வி. 'இவருக்குப் பொருந்தும்படி இயங்குகிறதா?' என்பது வேறு கேள்வி.

உளப்பதற்றமே அரிப்பை உண்டாக்கவும் கூடும். அரிப்பு அச்சத்தை வளர்க்கும். அச்சம் அரிப்பை வளர்க்கும். கருவியைத் தொட்டுத் தொட்டுத் திருப்பிக் கொண்டிருந்தால் உள்ளே கம்பிகள் இடம் பெயரும் அபாயமும் உண்டு. இத்தகைய அச்சத்தைப் பெரிதும் தணிப்பது தெளிவான தகவலே. கைப்பேசியைக் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி, எதிர்ப்புறக் காதில் வைத்துப் பேசலாம். மின்தூண்டல் அடுப்பிலிருந்து 60 செ.மீ. விலகி நிற்பது நல்லது. இத்தனை எளிய செய்திகள் தெரியாமல் சமையலறைக்குள்ளேயே நுழைய அஞ்சுவோர் இருக்கிறார்கள்.

மருத்துவச் சந்தையில் விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியார் என்பதை 1963-இல் எழுதிய கட்டுரையில் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ சுட்டிக்காட்டினார். நோயாளி சிகிச்சையை மட்டும் நாடவில்லை. நம்பிக்கையையும் சேர்த்தே நாடுகிறார். நம் காப்பீட்டுத் திட்டங்கள் கருவிக்கும் அறுவைக்கும் பணம் தருகின்றன. அறுவைக்குப் பின் அரை மணி நேரம் அமர்ந்து விளக்குவதற்கு எவரும் பணம் தருவதில்லை. ஆகவே, அது நடப்பதும் இல்லை. ஆலோசனை வழங்குவதையும் சிகிச்சைத் தொகுப்பின் ஓர் அங்கமாக்க வேண்டும். மருத்துவக் கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2015 முதல் காஜியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் தர ஆணையத்தில் செயல்படுகிறது. அதில் நோயாளியும் புகார் அளிக்கலாம் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் விடுவிப்புச் சீட்டிலேயே அச்சிட வேண்டும்.

நண்பரின் அரிப்புக்குக் காரணம் கருவியன்று. அவரைப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர், 'என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டார். துடிப்பின் ஒழுங்கைக் காக்க, அறுவையை ஒட்டி 'அமியோடரோன்' என்ற மருந்து அவருக்குத் தரப்பட்டிருந்தது. மனிதருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். அம்மருந்தின் 200 மி.கி. மாத்திரை ஒன்றில் அடங்கியிருப்பதோ ஏறத்தாழ 75 மில்லிகிராம். சிலருக்கு அது தைராய்டு சுரப்பை மிகையாக்கும். அரிப்பு, நடுக்கம், படபடப்பு, உறக்கமின்மை ஆகிய அனைத்தும் அதன் விளைவுகளே. ரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது. மருத்துவர் மேற்பார்வையில் மருந்து மாற்றப்பட்டது. உடலிலிருந்து அது நீங்க மாதங்கள் ஆகும் என்பதால் நலமும் மெல்லவே திரும்பியது. இத்தகைய மருந்துகளைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லோருக்கும் இப்படித் தெளிவான விடை கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், காரணம் புலப்படவில்லை என்பதற்காகத் துன்பம் பொய்யாகிவிடாது. 'மனப்பிரமை' என்று சொல்வதற்கு முன், மருந்துச் சீட்டை ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்ப்பது மருத்துவருக்கும் குடும்பத்தாருக்கும் கடமை.