மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் அந்த ‘டக் டக்’ சத்தமும்



“உண்மையாவே யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெயில கார் ஓடினதா, சேர்?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஓடியது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. கிடைத்த கொஞ்சமும் நெருப்பு விலை. ஒஸ்ரின், மொறிஸ் மைனர், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின.

அந்த ஆண்டுகளில் நாங்கள் இங்கே இல்லை. 1990 ஒக்டோபர் 30இல் புலிகள் எங்களை இரண்டே மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சோனகதெரு வெறுமையானது, அனேகர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினோம். ஆகவே இந்தக் கதை திரும்பி வந்தபின் அயலவர்களிடமும் கராஜ்காரர்களிடமும் கேட்டுச் சேர்த்தது. எங்கள் ஊரின் ஒரு காலத்தை நாங்கள் பிறர் வாயால்தான் அறிய வேண்டியிருக்கிறது.

சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆவியாகாததைப் பிளக் பற்றவைக்காது. சூடு வேண்டும். ஆனால் சூடு கூடினால் இன்னொரு தொல்லை. சிலிண்டருக்குள் பிளக் மூட்டிய தீ ஒரு பக்கமிருந்து பரவும்போது, எஞ்சிய கலவை நசுங்கி மேலும் சூடாகிறது. உள்ளே வரும் காற்றே ஏற்கெனவே சூடாக இருந்தால், தீ வந்து சேருமுன் அந்த எஞ்சிய கலவை தானாகவே ஒரேயடியாக வெடித்துவிடும். ‘டக் டக்’ என்ற நொக்கிங் அதுதான். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகக் குறைவு என்பதால் அது இலகுவில் இப்படி வெடிக்கும். தொடர்ந்து நொக் பண்ணினால் பிஸ்டன் போய்விடும்.

இந்த நொக்கிங்கை ஆராயத் தூண்டியதிலும் மண்ணெண்ணெய்க்குப் பங்குண்டு. அமெரிக்காவின் ஒஹாயோவில் கெற்றரிங் என்பவரின் நிறுவனம் பண்ணை வீடுகளுக்குச் செய்த மின்பிறப்பாக்கிகள் மண்ணெண்ணெயில் ஓடின. அவை நொக் பண்ணின. காரணம் தேட 1916இல் மிட்ஜ்லி என்ற பொறியியலாளரை விட்டார். அந்தத் தேடல் 1921இல் ஈயம் கலந்த பெற்றோலில் முடிந்தது. நொக்கிங் குறைந்தது, உலகம் பல பத்தாண்டுகள் ஈயத்தைச் சுவாசித்தது.

எங்கள் ஒஸ்ரின் தப்பியது அமுக்க விகிதத்தால். பழைய கார்களில் அது ஏழை ஒட்டியே இருந்தது. கலவையை அதிகம் நசுக்காது. இன்றைய கார்களில் ஒன்பது, பத்து, அதற்கும் மேல். அவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டாம், தம்பிமாரே! பழையவையும் சும்மா தப்பவில்லை: எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், தேய்மானம் கூடும்.

சூப்பர்சார்ஜர், ரேர்போ பூட்டிய வண்டிகளுக்கும் இதே சிக்கல்தான். காற்றை அமுக்கித் திணித்தால் அது சூடாகும். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இரண்டாம் உலகப் போரில் ஸ்பிற்பயர் விமானங்களின் பிந்திய மேர்லின் எஞ்சின்களில், அமுக்கிய காற்றுக் கலவையைக் குளிர்விக்கும் இன்ரர்கூலர் வைத்தார்கள். இன்றைய ரேர்போ கார்களின் முன்பக்கத்திலும் அதைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்து நண்பகல் வெயிலில் அதற்கு வேலை இரட்டிப்பு.

அந்தக் காலத்தில் இங்கே வண்டி ஓட்டியவர்கள், திருத்தியவர்கள் இதை வாசித்தால் கீழே எழுதுங்கள்: எந்த வாகனம், ஸ்டார்ட் பண்ண என்ன விட்டீர்கள், எப்போது சத்தம் கூடியது. எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.