தாத்தா பாட்டியுடன் கிழக்குக் கரைக்குக் கார்ப் பயணம்: எப்படித் திட்டமிடுவது?

"இந்த முறை விமானம் வேணாம், காரிலேயே மலேசியாவுக்குப் போயிட்டு வரலாம்." உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு அடிபடுகிறதா? தாத்தாவும் பாட்டியும் கூட வருகிறார்களா? அப்படியென்றால் வரைபடம் காட்டும் நேரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது வண்டிக்கான கணக்கு. முட்டிவலிக்கும் நீரிழிவுக்கும் வேறு கணக்கு உண்டு.

சிங்கப்பூரிலிருந்து கடலோரப் பயணம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது மலேசியாவின் கிழக்குக் கரை. ஜொகூர் பாருவில் தொடங்கும் கூட்டரசு சாலை 3, மெர்சிங், பெக்கான், குவாந்தான், கோலத் திரங்கானு வழியாகக் கிளந்தானில் தாய்லந்து எல்லைவரை செல்கிறது. மொத்தம் 700 கிலோமீட்டருக்கும் மேல். முதியவர்களுடன் போனால் முழுவதையும் முடிக்க நினைக்காதீர்கள். குவாந்தானுக்குச் சற்று வடக்கே இருக்கும் செராத்திங் வரை போனாலே போதும், ஐந்து நாள் நிம்மதியாக ஓடிவிடும்.

எப்போது போகலாம்?

வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை இந்தக் கரையைத்தான் நேராகத் தாக்கும். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் அதே நேரத்தில்தான் வருகிறது! டிசம்பரில் கடல் கொந்தளிக்கும், தாழ்வான சாலைகளில் வெள்ளம் ஏறும். தாத்தா பாட்டியுடன் அந்த நேரத்தில் போவது வீண் ஆபத்து. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நோன்புப் பெருநாளை ஒட்டிய வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஊருக்குத் திரும்பும் கார்களால் சாலை 3 நிரம்பி வழியும்.

இன்னொன்று. ஜொகூரிலும் பகாங்கிலும் வார இறுதி சனி, ஞாயிறு. திரங்கானுவில் வெள்ளி, சனி. அங்கே வெள்ளிக்கிழமை நண்பகலில் பல கடைகள் மூடியிருக்கும். சாப்பாட்டு நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நீ ஓட்டு"

பயணத்தில் மிக முக்கியமான தகவல் கூகளில் கிடைக்காது. பின்னிருக்கையில் இருக்கும். ஆனால் அங்கிருந்து அது தானாக வெளிவராது. கழிப்பறைக்குப் போகணும் என்று அடிக்கடி கேட்கச் சங்கடப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வரும் பாட்டிகள் ஏராளம். சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரையைப் "பயணம் முடியட்டும்" என்று தாமாகவே நிறுத்திவிடுவோரும் உண்டு. வெயிலில் நீர்ச்சத்துக் குறைந்தால் மயக்கம் வரும். ரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிட்டால் அதுவும் ஆபத்து.

ஆகவே "கழிப்பறைக்குப் போகணுமா?" என்று கேட்காதீர்கள். "வேணாம்" என்றுதான் பதில் வரும். "எனக்கு ஒரு காப்பி வேணும், எல்லாரும் இறங்கலாம்" என்று சொல்லி நிறுத்துங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். வயதானவர்களுக்கும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அது இன்னும் அதிகம். மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்சுலின் போடுபவர்களா? அதைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நிறுத்திவைத்த கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். குளிர்ப்பையில் வைத்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைக்கக்கூடாது, உறைந்தால் இன்சுலின் வீணாகிவிடும்.

முதல் சோதனை, சோதனைச்சாவடிதான்

வழிநெடுகக் கழிப்பறை தேடலாம். கடற்பாலத்தில் நெரிசலில் சிக்கினால்? இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. வெள்ளி மாலை, சனி காலை, நீண்ட வார இறுதி ஆகிய மூன்றையும் தவிர்த்து, வாரநாளில் காலை நெரிசல் அடங்கியபின் கிளம்புங்கள். முடிந்தால் துவாஸ் வழியாகவும் போகலாம். சிங்கப்பூர்ப் பக்கம் கியூஆர் குறியீடு மூலம் காரில் உள்ள அனைவரும் ஒன்றாகக் கடந்துவிடலாம், பாட்டியின் கடப்பிதழைப் பையில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சிங்கப்பூர்க் கார் என்றால் இவற்றைச் சரிபாருங்கள்: வாகன நுழைவு அனுமதி (2025 ஜூலை முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம்), டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம், புறப்படும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல். மலேசியாவில் ரோன் 95 பெட்ரோல் உங்களுக்கு இல்லை, ரோன் 97 தான். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. ஆனால் ஊரிலிருந்து உங்களைப் பார்க்க வந்திருக்கும் தாத்தா இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் அவருக்கு அதை முன்கூட்டியே நிரப்ப வேண்டும்.

கடல் எப்போ தெரியும்?

கொஞ்சம் ஏமாற்றமான பதில்: முதல் 130 கிலோமீட்டருக்குத் தெரியாது. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி, ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் வரை செம்பனையும் காடும்தான். யானை கடக்கும் பகுதி என்ற அறிவிப்புப் பலகைகளைச் சும்மா வைக்கவில்லை, அந்தச் சாலையில் உண்மையிலேயே யானைகள் வரும். இருட்டுவதற்குள் மெர்சிங்கை அடைந்துவிடுங்கள். இதைப் பாட்டியிடம் முன்பே சொல்லிவிட்டால் "கடல் எங்கப்பா?" என்ற கேள்வி பத்து முறை வராது.

மெர்சிங்கில் முதல் இரவு. சிங்கப்பூரிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர், இரண்டு நிறுத்தங்களோடு அரைநாள் போதும். மறுநாள் குவாந்தானுக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். எண்டாவ், ரொம்பின் தாண்டிச் செல்லும் நீண்ட நேர்ச்சாலை. கடல் பக்கத்திலேயே இருந்தாலும் மரங்கள் மறைத்துவிடும். பகாங்கின் அரச நகரான பெக்கானில் மதியம் இறங்குங்கள். அங்கே சுல்தான் அபு பக்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. நடக்க முடியாதவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் கார்ச் சாவியைத் தொடாதீர்கள். என்னைக் கேட்டால் முழுப் பயணத்திலும் அதுதான் சிறந்த நாள். குவாந்தானில் தெலுக் செம்பெடாக் கடற்கரைக்குப் பக்கத்திலேயே தங்கினால், காலையில் அறையிலிருந்து இறங்கினாலே போதும். இது கிழக்குக் கரை, கடலுக்கு மேலே சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம். ஏழு மணிவாக்கில் உதயம். நாலு மணிக்கே விழித்துக்கொள்ளும் தாத்தாவுக்கு ஏற்ற ஊர் இது! நீங்கள்தான் எழுந்திரிக்கணும்.

நான்காம் நாள் செராத்திங். குவாந்தானிலிருந்து 45 கிலோமீட்டர்தான். உடம்பு ஒத்துழைத்தால் இன்னும் சற்று வடக்கே திரங்கானுவின் கெமாமான் வரை போய் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பலாம். ஜிபிஎஸ் உங்களைக் கிழக்குக் கரை விரைவுச்சாலைக்கு இழுத்துச் செல்லப் பார்க்கும். அது உள்நாட்டு வழியாகப் போகிறது, கடல் தெரியாது. 'கட்டணச் சாலை வேண்டாம்' என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

யார் எங்கே உட்கார்வது?

வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். கடல் பார்க்க ஆசைப்படுபவரை அந்தப் பக்கம் உட்கார வையுங்கள். ஆனால் வலப்பக்கக் கதவு சாலையை நோக்கித் திறக்கும். சாலையோரத்தில் நிறுத்தி அந்தப் பக்கம் இறக்கிவிடாதீர்கள், நிறுத்துமிடத்துக்குள் போனபிறகுதான் இறங்கணும். முட்டிவலியோ தலைசுற்றலோ உள்ளவருக்கு முன்னிருக்கைதான் வசதி. ரொம்ப உயரமான வண்டியும் கஷ்டம், ரொம்பத் தாழ்வானதும் கஷ்டம். வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் தாத்தாவை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். பின்னிருக்கையிலும் இடைவார் கட்டாயம்.

பாட்டி சைவமா?

கிழக்குக் கரையின் நாசி டாகாங் அருமையான உணவு, ஆனால் அதோடு வருவது மீன்கறி. சம்பலில் பெலாச்சான் இருக்கும். மாமாக் கடையில் ரொட்டி சானாய் கிடைக்கும், கூடவரும் டால்ச்சாவில் ஆட்டெலும்பு போட்டிருக்கலாம். "பருப்புதானே" என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். குவாந்தானில் இந்திய உணவகங்கள் உண்டு. சிறிய ஊர்களில் கிடைப்பது கடினம். புளிசாதமும் பழமும் கையில் இருக்கட்டும்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

மெர்சிங், பெக்கான், குவாந்தான், கெமாமான் ஆகிய இடங்களில் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. பெரியது குவாந்தானின் தெங்கு அம்புவான் அஃப்சான் மருத்துவமனை. அவசர எண் 999. வெளிநாட்டினருக்குக் கட்டணம் வேறு. பயணக் காப்புறுதி வாங்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். சாதாரணத் திட்டங்களில் பெரும்பாலும் பொருந்தாது. மருந்துகளை அவற்றின் உறையோடும் மருந்துச் சீட்டின் நகலோடும் எடுத்துச் செல்லுங்கள். மருந்துப் பெயர்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் நல்லது. அவசரத்தில் "அந்த வெள்ளை மாத்திரை" என்றால் எந்த மருத்துவருக்கும் புரியாது.

திரும்பும்போது எல்லாருக்கும் களைப்பாக இருக்கும், கடலும் பார்த்தாயிற்று. குவாந்தானிலிருந்து சிகாமட் வழியாக வடக்கு-தெற்கு விரைவுச்சாலையைப் பிடிக்கலாம். காட்சி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் மச்சாப் ஓய்விடத்தில் சுத்தமான கழிப்பறை இருக்கும், சோதனைச்சாவடி நெரிசலுக்கு முன் எல்லாரையும் ஒருமுறை இறக்கிவிடலாம்.