தாது நட்டம்: தாம்பரம் வட்டாரத்து அச்சம் ஒன்றின் வரலாறு

எழுத்தில் சுய இன்பம் என்றும் பேச்சில் கைப்பழக்கம் என்றும் வழங்கும் செயலைக் குறித்துத் தமிழக ஆண்களிடம் நிலவிவரும் அச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சில ஏடுகளைத் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தைச் சுற்றியே படிக்க முடியும். டாக்டர் சவுரிமுத்து 1928இல் நிறுவி, 1937இல் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்ட காசநோய் மருத்துவமனையே அந்நிலையத்துக்குப் பெயர் தந்தது. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறக்கப்பட்டதும் அதே சானடோரியம் பகுதியில்தான். காசநோய்க்கும் கைப்பழக்கத்துக்கும் என்ன உறவு என்று இன்றைய வாசகர் வியக்கலாம். பழைய மருத்துவமோ இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியிருந்தது.

சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் ஆகிய ஏழையும் உடல் தாதுக்கள் எனச் சித்த மருத்துவம் வகுக்கிறது. உண்ட உணவின் சாரமே படிப்படியாக அடுத்தடுத்த தாதுவாக மாறுகிறது என்பதால், கடைசிப் படியில் நிற்கும் சுக்கிலம், அதாவது விந்து, உடலின் மிக விலையுயர்ந்த பொருளாகக் கருதப்பட்டது. ஒரு துளி விந்துக்குப் பல துளி இரத்தம் செலவாகிறது என்று மக்கள் போட்ட கணக்கு இந்தக் கருத்தின் எளிய வடிவமே. ரோகிணியிடம் மட்டுமே மயங்கிக் கிடந்த சந்திரன் தேய்வு நோய்க்கு ஆளான கதையைச் சரக சம்ஹிதை க்ஷயம் எனப்படும் காசநோயின் தோற்றமாகச் சொல்வதும் இவ்வழியில்தான். ஐரோப்பாவும் இதே பாதையில் நடந்தது. சுவிட்சர்லாந்து மருத்துவர் திசோ 1760இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல், உடல் உருகி மெலிவது முதல் பார்வை மங்குவது வரை அனைத்தையும் இப்பழக்கத்தின் மேல் சுமத்தியது. காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று ராபர்ட் கோச் 1882இல் மெய்ப்பித்த பிறகு அந்த முடிச்சில் ஒரு பாதி அவிழ்ந்தது, மறுபாதி அவிழவில்லை.

அவிழாமல் காத்தது அச்சும் விளம்பரமும். அமெரிக்க மருத்துவர் பியர்டு 1869இல் பரப்பிய நரம்புச் சோர்வுக் கருத்துக்கு இணையாகத் தமிழில் வேரூன்றிய ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல், பழைய தாதுக் கொள்கைக்குப் புதிய மருத்துவச் சட்டையை மாட்டிவிட்டது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடும் மின்சார ரயில்கள் பிற்காலத்தில் இந்த அச்சத்தை விற்கும் வணிகத்தின் விளம்பரச் சுவர்களாயின. ஜன்னலுக்கு மேலே, பசை காயாத ஓர் அங்குல உயரத் துண்டுச் சீட்டில் ஆண்மைக்குறைவு, சொப்பன ஸ்கலிதம், நரம்புத் தளர்ச்சி என மூன்று சொற்களும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டும் இருக்கும். அலுவலகம் போகும் இளைஞன் அதை நேராகப் பார்க்காமலேயே படித்து முடித்துவிடுவான். ‘வாலிப, வயோதிக அன்பர்களே’ என விளித்து, எந்த ஊரில் எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் முகாம் என்று அறிவித்து, லேகியமும் சூரணமும் விற்ற முறையைத் தமிழர் அனைவரும் அறிவர். பாலுறவு ஆற்றலைப் பெருக்கும் என்று மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருந்தும் இது நடந்தது. ஏழு தாதுக்களைச் சிந்தித்த மரபுக்கும் இந்த வணிகத்துக்கும் உள்ள தொலைவு பெரிது. மரபின் பெயரால் அச்சம் விற்கப்பட்டதே பெருங்கொடுமை.

இந்த அச்சமே ஒரு நோயாகும் என்பதை 1960இல் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் அடையாளம் கண்டு, ‘தாத்’ நோய்க்குறி என்று பெயரிட்டார். தாது என்ற சொல்லின் திரிபே அது. சிறுநீருடன் விந்து கலந்து போகிறது என்று நம்பி, களைப்பும் உறக்கமின்மையும் மனச்சோர்வுமாக வருபவர்கள் இவ்வகையினர். அவர்கள் கண்ணாடிப் புட்டியில் கொண்டுவந்து காட்டும் வெண்மையான கலங்கல் பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் சில சொட்டு விட்டால் அது தெளிந்துவிடும். விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும் என்றாலும் அந்த உற்பத்தி நிற்பதே இல்லை. விந்தின் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர்மமே அன்றி இரத்தத்தின் சாறு அன்று. சுய இன்பத்தால் நரம்பு தளர்வதோ, கண் மங்குவதோ, மலடாவதோ இல்லை.

விஜய் தொலைக்காட்சியின் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் தமிழிலேயே இவற்றை விளக்கியது, லாட்ஜ் முகாம்கள் கட்டிய மௌனத்தில் விழுந்த முதல் பெரிய விரிசல் எனலாம். பழக்கம் படிப்பையும் வேலையையும் உறவையும் கெடுக்கும் அளவுக்குக் கட்டுமீறும்போது மட்டுமே சிகிச்சை வேண்டும். தனிமையையும் இரவுநேரக் கைப்பேசியையும் குறைத்து, உறக்கத்துக்கும் உடலுழைப்புக்கும் நேரம் ஒதுக்குவது முதல் படி. அதற்கும் அடங்காவிட்டால் மனநல ஆலோசனை அடுத்த படி. அந்த ஆலோசனைக்கு லாட்ஜ் அறையைத் தேடிப் போக வேண்டியதில்லை. மத்திய அரசு 2022இல் தொடங்கிய மனநலச் சேவைக்கான 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.